ரசக்கறை எந்தப் பக்கத்தில்?

(மாயவரத்தில் 32 வருஷம் வாடகை நூல் நிலையம் நடத்தி ஓய்ந்தவர், நாவல்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஒரு நாவல் தேறுமா தேறாதா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? விமர்சனம் படிப்பதுண்டா?
(கரூர் வாசகி)

படிப்பேன். ஆனால் என் கடையில் விமர்சனம் புத்தகத்தின் விளிம்பிலேயே எழுதியிருக்கும்.

மகாதானத் தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். 1976 தை மாதம் திறந்தேன், 2008-ல் மூடினேன். டெபாசிட் பத்து ரூபாய். வாடகை, புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு. ஒரு வாரம் கெடு. புத்தகம் திரும்பி வந்ததும் கையில் வாங்கி, சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோல் விளிம்பை ஒருமுறை விசிறிப் பார்ப்பேன். பல பேர் படித்த பக்கம் வரைக்கும் பழுப்பேறியிருக்கும், யாரும் தொடாத பக்கங்கள் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்வேன். நூற்றிருபதாம் பக்கத்தில் தொடங்கினால், நூற்றுப் பத்தொன்பதில் அந்த ஆசிரியர் என்னவோ தப்புச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை எடுத்துப் படிப்பேன். பெரும்பாலும் அங்கே யாராவது ஒரு பாத்திரம் வாயைத் திறந்து இரண்டு பக்கத்துக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்.

நல்ல நாவலுக்கு ரசக்கறை இருக்கும். சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்க மனம் வரவில்லை என்று பொருள். அதற்கும் மேலே மெழுகுவத்திச் சொட்டு. கரண்ட் போன பிறகும் விடவில்லை பாருங்கள்! வெளியே கத்தினாலும் உள்ளுக்குள் அந்தப் புத்தகத்தை ஒரு தட்டு மேலே தூக்கி வைத்துவிடுவேன்.

உங்களை அதிகமாக ஏமாற்றிய நாவல் எது? மழுப்பாமல் பெயர் சொல்லவும்.
(தேனி வாசகர்)

கமலாம்பாள் சரித்திரம். உடனே கோபப்பட்டுக் கடிதம் எழுத உட்கார வேண்டாம், முழுவதையும் கேளுங்கள்.

பி. ஆர். ராஜம் ஐயர் அதை 1893-ல் விவேக சிந்தாமணியில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. வத்தலகுண்டுக்காரர். அந்த வயதில் நானெல்லாம் வேலைக்கு மனுப் போடக்கூடத் தப்பில்லாமல் எழுதத் தெரியாதவன். அவர் சிறுகுளம் என்று ஒரு கிராமத்தை உண்டாக்கி, அதில் முத்துஸ்வாமி ஐயரை உட்கார வைத்து, பெண்கள் கூடிப் பேசும் இடத்துக்கு வம்பர் மகாசபை என்று பெயரும் சூட்டிவிட்டார். அந்த மகாசபை கூடும் பக்கங்களைப் படித்தால் இன்றைக்கும் நம் தெருக் குழாயடி காதில் விழும். தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வருகிற இடமெல்லாம் நான் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். ஒருமுறை வெளியே நின்ற தபால்காரர் என்ன சார் ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

பாதிக்கு மேல் காற்று மாறுகிறது. முத்துஸ்வாமி ஐயர் பம்பாய் போய்ச் சொத்தைத் தொலைக்கிறார், குரு கிடைக்கிறார், வேதாந்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வம்பர் மகாசபையைக் காணோம். எனக்கு வயிற்றெரிச்சலே அங்கேதான். வேதாந்தம் எழுத அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அம்மையப்ப பிள்ளையை எழுத ஒருவர்தான் இருந்தார், அவரும் பாதியில் எழுந்து போய்விட்டார்.

மோசமான நாவலில் ஏமாற என்ன இருக்கிறது? ஊசிப்போன மெதுவடை என்று தெரிந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம். பந்தியில் முதல் மூன்று பதார்த்தமும் அமிர்தமாக இருந்து, பாயசம் வரும் நேரத்தில் ஒருவர் எழுந்து உபதேசம் ஆரம்பித்தால்தான் பசி தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். ராஜம் ஐயர் 1898-ல் இருபத்தாறு வயதில் போய்விட்டார். ஐம்பது வயதில் அவர் இரண்டாவது நாவல் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கடை மூடுகிற நேரத்தில் சில நாள் யோசித்திருக்கிறேன்.

தமிழின் முதல் நாவலை இன்றைக்குப் படிக்க முடியுமா?
(சிதம்பரம், கல்லூரி மாணவி)

தாராளமாக. 1879-ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை எங்கள் ஊரில் முன்சீப்பாக இருந்தவர், அதனால் எனக்கு ஒரு சொந்தப் பெருமையும் உண்டு. ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ராஜ்யமே ஆள்கிறாள். கதாநாயகனைவிட அவள் பத்து மடங்கு கெட்டிக்காரி. கிளைக்கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே தொல்லை, ஆசிரியர் நீதிபதி. ஒவ்வொரு கதையும் முடிந்ததும் தீர்ப்பு வாசித்துவிடுகிறார். தீர்ப்புகளைத் தாண்டிப் போனால் நல்ல வேடிக்கை.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் படித்தேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்றே கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை. இது வாசகரை ஏமாற்றுவதில்லையா?
(ஓசூர் வாசகர்)

உங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வரிசையே இந்தக் கேள்வியோடு நிற்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்து முடிந்தபோது, இதென்ன இப்படி முடித்துவிட்டீர்கள், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்தார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அது புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. நீங்கள் படித்த பதிப்பில் யாராவது கிழித்திருந்தால் அது வேறு விஷயம். என் கடைப் பிரதியில் கிழித்திருந்தார்கள்.

கொலைக்கு வருகிறேன். காட்டுமன்னார்கோவிலில், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயர்களைச் சொல்லி, அவர்களும் அவர்கள் உறவினரும் வைத்திருந்த நிலங்களைப் பறிமுதல் செய்தது பற்றிப் பேசுகிறது. அந்தக் கல்லும் ஏன் கொன்றார்கள் என்று வாய் திறக்கவில்லை. கல்கி புகுந்து விளையாடியது அந்த மௌனத்தில்தான். இன்னொன்று கவனியுங்கள். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரியும் அந்த ஊர்ப் பக்கம்தான். முதல் அத்தியாயம் எங்கே தொடங்குகிறதோ அதே வட்டாரத்துக் கோயில் சுவரில் கொலைகாரர்கள் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. இது தெரிந்த பிறகு முதல் பாகத்தை மறுபடி படித்தேன், புதுசாக இருந்தது.

எனக்கு ஏமாற்றம் வேறு. ஐந்தாம் பாகத்தில் எல்லோரும் ரொம்ப நல்லவர்களாகிவிடுகிறார்கள். முதல் பாகத்து வந்தியத்தேவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, பொய் சொல்லித் தப்பித்து, அந்தப் பொய்யாலேயே மறுபடி மாட்டிக்கொள்வான். அவனோடு இருந்தவரைக்கும் பக்கம் தானாகத் திரும்பியது.

கடையில் இன்னொரு தொல்லை. எப்போதும் மூன்றாம் பாகம் வெளியே போயிருக்கும். ஒரு ரயில்வே குடும்பம் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மாற்றலாகிப் போனதில், எட்டு மாசம் மூன்று இல்லாமலே ஓட்டினேன். பட்டமங்கலத் தெருவிலிருந்து வரும் ஒரு மாமி இரண்டு முடித்ததும் நான்கை எடுத்துப் போய், “நடுவுல என்ன நடந்திருக்கும்னு நானே யோசிச்சுக்கறேன்” என்றார். பிறகு மூன்று கிடைத்தபோது படித்துவிட்டு, தான் யோசித்ததே நன்றாக இருந்தது என்று வாடகையில் நாலணா குறைக்கச் சொன்னார்.

கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் பழக்கம் எனக்கு. தப்பா?
(நாகர்கோவில் வாசகி)

துப்பறியும் நாவலாக இருந்தால் மகா தப்பு. மற்றதற்கு, கடைசிப் பக்கம் தெரிந்தால் கெட்டுப்போகிற நாவலில் மிச்சப் பக்கங்களிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது.

லட்சியவாத நாவல்களை இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வருகிறது. குறிஞ்சி மலரைப் போய் எப்படி அப்படிக் கொண்டாடினார்கள்?
(சென்னை வாசகர்)

நானும் சிரித்தவன்தான். நா. பார்த்தசாரதி கல்கியில் தொடராக எழுதினார். அரவிந்தன், பூரணி என்று இரண்டு பேர். தவறே செய்யாதவர்கள். நடக்கும்போது கால் தரையில் படுமா என்று எனக்குச் சந்தேகம். அவன் செத்துப்போகிற இடத்தில் கண்ணீர்த்துளி விழுந்து எழுத்துக் கலைந்த பிரதியை நானே பைண்டு செய்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

என் கடை வாசலில் ஒரு பூக்கார அம்மா. வாடகைக்குப் பதில் வெள்ளிக்கிழமை சுவாமி படத்துக்கு ஒரு முழம் கதம்பம் கொடுப்பார், அதுதான் எங்கள் ஒப்பந்தம். எழுத்துக்கூட்டி மெல்லத்தான் படிப்பார். குறிஞ்சி மலரை நான்காவது தடவையாக எடுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா, இப்படி ஒரு ஆம்பளை எங்கேயாவது இருப்பானா?” என்றேன். அவர் நார் கிழித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “நீங்க நல்லவங்களாப் பாத்துப் பாத்து அலுத்துட்டீங்க போல. நான் இன்னும் ஒருத்தனைக்கூடப் பாக்கல சார்.”

அவர் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து கடைவாசலில் பூக்கூடையை உதைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் அந்தக் கேள்வியைக் கேட்டேனே! அந்த நாவல் இன்னமும் எனக்குப் பிடிக்காது, அது வேறு. யாருக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

தனக்குப் பிடித்த முடிவை எழுதிவிட்டு, பிறகு அதையே மாற்றி எழுதலாமா ஓர் எழுத்தாளர்?
(சேலம் வாசகர்)

ஜெயகாந்தனை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். 1966-ல் விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை. கெட்டுப்போய் வந்து நிற்கிற பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் அம்மா. ஊரே இரண்டுபட்டது. அப்புறம் அவர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அதில் அம்மா அப்படிச் சொல்லவில்லை, விஷயம் வெளியே தெரிந்துபோகிறது, கங்காவின் வாழ்க்கை வேறு தடத்தில் ஓடுகிறது. அதோடு விட்டாரா? நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளரை வைத்து, அந்தச் சிறுகதையை அவர் எழுதியதாக்கி, கங்காவே அதைப் பத்திரிகையில் படிக்கும்படி செய்தார். தன் கதைக்குத் தானே எதிர்க்கட்சி வக்கீலாக ஆஜரான ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 1972-க்கான சாகித்ய அகாதெமி பரிசு அதற்குக் கிடைத்தது.

நீளமான வாதங்கள் அலுப்புத் தட்டும் இடங்கள் உண்டு. ஆனால் அங்கே பிரசங்கம் செய்பவர் எதிராளிக்கும் மைக் கொடுக்கிறார். பிற்பாடு அதன் தொடர்ச்சியாக வந்த ‘கங்கை எங்கே போகிறாள்’ என் கடையில் பாதி விளிம்பு வெள்ளையாகவே இருந்தது. கேட்டுக் கேட்டு எடுத்துப் போவார்கள், இரண்டே நாளில் திருப்பிக் கொடுப்பார்கள், ஒன்றும் பேசமாட்டார்கள்.

‘புயலிலே ஒரு தோணி’யை எல்லோரும் உச்சம் என்கிறார்கள். என்னால் முப்பது பக்கம் தாண்ட முடியவில்லை. குறை என்னிடமா?
(கோயம்புத்தூர் வாசகி)

உங்களிடமும் இல்லை, ப. சிங்காரத்திடமும் இல்லை. 1972-ல் வந்த புத்தகத்தை நான் கடை திறந்த புதிதில் வாங்கி வைத்தேன். பத்து வருஷத்தில் நான்கு பேர் எடுத்தார்கள். நான்காவது ஆள் தப்பான புத்தகம் எடுத்துவிட்டதாகச் சொல்லி அன்று சாயங்காலமே திருப்பிவிட்டார்.

சிரமம் ஏன் வருகிறது என்றால், அவர் நமக்கு எதையும் அறிமுகப்படுத்துவதில்லை. மெடான், பினாங்கு, செட்டிமார் கடை, யுத்தம், ஜப்பான்காரன் எல்லாம் சரமாரியாக வருகிறது. சின்ன வயதில் பிழைப்புத் தேடி இந்தோனேசியா போய் மெடானில் வேலை பார்த்தவர், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் இருந்தார், ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக வாழ்ந்தார். இரண்டே நாவல் எழுதினார். பார்த்ததை விளக்கிச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஒன்று செய்யுங்கள். ஊரை விட்டு வெளியே இருக்கும்போது எடுத்துப் பாருங்கள். என் மகள் பிரசவத்துக்காக நான் புனேயில் மூன்று மாதம் கிடந்தேன். வெற்றிலை கிடைக்கவில்லை, பேச ஆள் இல்லை. பையில் இந்தப் புத்தகம் மட்டும் இருந்தது. கதாநாயகன் பாண்டியன் கடல் கடந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களை மனத்துக்குள் ஒவ்வொன்றாக நடந்து போகிற பக்கங்கள் வந்தன. புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, மணிக்கூண்டிலிருந்து என் கடைவரைக்கும் வரிசையாக என்னென்ன கடை என்று எண்ணத் தொடங்கினேன். ஒரு மருந்துக்கடை மட்டும் நினைவுக்கு வரவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் போயிற்று. அதற்கு முன்னால் இரண்டு தடவை நானும் முப்பதாம் பக்கத்தில் இறங்கியவன்தான்.

துப்பறியும் நாவல்கள் படிப்பது நேர விரயம் என்கிறாரே எங்கள் தமிழாசிரியர்?
(மாணவர், ஊர் குறிப்பிடவில்லை)

அவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் பார்க்கவும். என் கடை வாடகையில் பாதி, தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ்-வசந்தும் சம்பாதித்துக் கொடுத்தது. தொல்லை கொடுத்தவர் ஒரே ஒரு வாடிக்கையாளர். படித்து முடித்ததும் முதல் பக்கத்தில் பென்சிலால் ‘கொலையாளி டாக்டர்’ என்று எழுதித் திருப்புவார். கையெழுத்தை வைத்து ஆறு மாதம் தேடினேன். நேரில் பார்த்தால் பரம சாது, வங்கிக் காசாளர். கேட்டதற்கு, “மத்தவங்களும் ராத்திரி கண் முழிச்சு உடம்பைக் கெடுத்துக்க வேணாமேன்னுதான்” என்றார்.

சந்தோஷம் கொடுத்த நாவல் என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அழுமூஞ்சியாக இருக்கக் கூடாது.
(மன்னார்குடி வாசகி)

ஒன்று என்று சொன்னால் மற்றதெல்லாம் கோபித்துக்கொள்ளும். சரி, எங்கள் ஊர்க்காரருக்கே போகட்டும்: சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’, 1969. சந்தோஷமான கதை என்று சொல்லமாட்டேன். கரும்பாலை கட்ட ஒருவன் ஒரு வனத்தை அழிக்கிறான், அவ்வளவுதான். காதல், துப்பாக்கி, ரகசியம் ஒன்றும் கிடையாது. வெட்டுகிறான், கொடி சிக்குகிறது, மூங்கில் வழி விடமாட்டேன் என்கிறது, தீ வைக்கிறான். எப்படி வெட்டினான் என்பதை இவ்வளவு ஆசையாக எழுதினால் படிக்கிற நமக்கும் கை அரிக்கிறது, அரிவாளை எடுத்துக்கொண்டு போகலாம் போல. பக்கங்கள் போன பிறகுதான், நாமும் சேர்ந்தல்லவா வெட்டிவிட்டோம் என்று உறைக்கிறது. ஆசிரியர் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. கடைசியில் பேச்சு புளியில் வந்து நிற்கும். அவ்வளவு பெரிய அழிவு, ஒரு வீட்டுச் சமையலறை அளவுக்குச் சுருங்கிவிடும். முன்சீப்பு எங்கள் ஊரில் இருந்தார், தீர்ப்பே சொல்லாத இவரும் எங்கள் ஊரில் பிறந்தார்.

ஒரு மரவாடிக்காரர் இதை என்னிடம் வாங்கிப் போய் ஒரே ராத்திரியில் முடித்தார். பிடித்ததா என்று கேட்டேன். “ஆளுக்கு வேலை தெரியுது” என்றார். அதற்கு மேலே ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் மறுபடி அதையே எடுத்துப் போனார்.

கடையை மூடியபோது மிச்சப் புத்தகங்கள் என்ன ஆயின?
(மயிலாடுதுறை வாசகர், “உங்கள் பழைய மெம்பர்” என்று மட்டும் கையெழுத்து)

டெபாசிட்டை வாங்கிக்கொண்டீர்களா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

இரண்டு பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் கொடுத்தேன். பழைய பேப்பர்க்காரர் எடுத்த எடைக்குக் கொடுத்தது நிறைய. வீட்டுக்குக் கொண்டுவந்தது நாற்பதோ என்னவோ. நல்ல நாவல்கள் என்று பொறுக்கவில்லை, அழுக்கானவையாகப் பார்த்துப் பொறுக்கினேன். அதில் ஒன்று, தலைப்புப் பக்கமே போய்விட்ட ஒரு தொடர்கதை. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து நானே பைண்டு செய்தது. பூச்சி இன்றுவரை கிட்ட வரவில்லை.

தொடர்கதைப் பக்கங்களின் பின்புறத்தில் வேறு விஷயங்கள் பாதி பாதியாக ஒட்டிக்கொண்டு வரும் அல்லவா? பதினேழாம் அத்தியாயத்தின் முதுகில் ஒரு ஜோக். நோயாளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஏதோ கேட்கிறார். கேள்வி முழுசாக இருக்கிறது: “போன வாரம் கொடுத்த மாத்திரையை எப்போ சாப்பிட்டீங்க?” பதில் அடுத்த பக்கத்தோடு போய்விட்டது. நாற்பது வருஷமாக விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன், ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. உங்களில் யாரிடமாவது அந்த இதழ் இருந்தால் ஒரு கார்டு போடுங்கள்.